சரளி வரிசையும் சின்னப் பிள்ளைகளும்

கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை ஆதி தாளத்தில் அமைந்தது. அந்தத் தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், பிறகு தட்டு வீச்சு இரண்டு முறை. வாய் ஸ்வரம் சொல்ல, கை தாளம் போட, காது சுருதியைப் பிடிக்க, மூன்றும் ஒன்றாக நடப்பதே குழந்தைக்குப் பெரிய கவனப் பயிற்சி. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது ஒரு எண்ணிக்கைக்கு ஒன்று, இரண்டு, நான்கு ஸ்வரங்கள் வரும். பாதியும் கால்பாகமும் கணக்குப் புத்தகத்துக்கு முன்பே கைக்குப் பழகிவிடும். அசைகளைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் வாசிப்புக்கும் உதவும். பாட்டு கற்றதாலேயே கணக்கில் மதிப்பெண் கூடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வாளர்களிடையே அதில் ஒருமித்த கருத்து இல்லை.

முறையாகக் கற்க, தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் ஒன்று திருச்சி மாவட்டத்துக்கும் உண்டு. அங்கே சேர 12 வயதாக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றமோ, பக்கத்துத் தெருப் பாட்டு ஆசிரியரோ போதும்.

ஐந்தாறு வயதில் தினமும் பத்து நிமிடம், ஒரே நேரத்தில், சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்தால் போதும். வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் இழுத்துப் பிடிப்பதைவிட இது பலன் தரும். தொண்டை கட்டியிருந்தால் தாளம் மட்டும் போடலாம்.

கேள்வி ஞானத்துக்கு ஸ்ரீரங்கத்தில் பஞ்சமில்லை. கோயிலின் மார்கழிப் பகல்பத்து, இராப்பத்து விழாவில், பாசுரம் பாடும் அரையர் சேவையின் கைத்தாள ஒலியைக் குழந்தை நேரில் கேட்கலாம். மற்ற நாட்களுக்கு, 1939 முதல் ஒலிக்கும் திருச்சி வானொலி.