நிரலில் விழும் கூலி

பனியன் கம்பெனிகளுக்கு வருகைப் பதிவும் பீஸ் ரேட் கணக்கும் போடும் மென்பொருளை நீங்கள் வடிவமைக்கிறீர்களா? அப்படியானால் சனிக்கிழமைச் சம்பளக் கவரில் உங்கள் கையும் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே இந்த நான்கையும் கேட்டுவிடுங்கள்.

1. நிமிடம் யாருக்குப் போகிறது?
8:06க்கு வந்தவரை 8:30 என்றும், இரவு 8:24க்குக் கிளம்பியவரை 8:00 என்றும் பதிந்தால் இரண்டு முனையிலும் நட்டம் தொழிலாளிக்கே. உண்மையான நேரத்தை அப்படியே பதியுங்கள். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. அதைக் குறைக்கும் வசதியைச் செய்து தராதீர்கள்.

2. ரேகை விழாவிட்டால்?
சாயத்திலும் அயர்ன் சூட்டிலும் தேய்ந்த விரலை மெஷின் சில நாள் ஏற்காது. உடனே ‘ஆப்சென்ட்’ போடாமல் ‘சரிபார்க்க’ என்று நிறுத்துங்கள். சூப்பர்வைசர் அன்றைக்கே முடித்துவைக்கட்டும்.

3. டேமேஜ் யார் கணக்கில்?
செக்கிங்கில் ஓட்டை தெரிகிறது. அது நிட்டிங்கிலேயே விழுந்திருக்கலாம், கட்டிங்கில் கிழிந்திருக்கலாம். திரையில் டெய்லர் நம்பருக்கு மட்டும் கட்டம் இருந்தால் பழி அவர் மேல்தான் விழும். ‘துணியிலேயே இருந்தது’, ‘தெரியவில்லை’ என்று இரண்டு பொத்தான் கூடுதலாக வையுங்கள்.

4. யாருக்குப் புரியும்?
ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்து மெஷினில் இருக்கிறார்கள். கூலிச் சீட்டை ஒடியாவிலும் இந்தியிலும் கொடுங்கள். பிடித்தம் ஒவ்வொன்றையும் தனி வரியில் காட்டுங்கள்.

முதலாளி மறுத்தால்? நீதி பேசாதீர்கள், செலவைப் பேசுங்கள். வெளிநாட்டு பையரின் ஆடிட்டில் நேரப் பதிவும் கூலிப் பதிவும் ஒப்பிடப்படும்; இடிக்கிற கணக்கு ஆர்டரையே பாதிக்கலாம். கணக்கில் ஏறாத செலவு பின்னால் திரும்பி வருவது திருப்பூருக்குப் புதிதல்ல. சாயக்கழிவை நொய்யல் ஆற்றில் விட்டபோது அந்தச் செலவு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தொழிலே திணறியது.

பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதிப் போடுங்கள்: என்ன கேட்டார்கள், என்ன ஆபத்து என்றீர்கள், பதிலுக்கு எதைச் செய்து தரலாம். வேலைக்குப் புதியவருக்கு இதுவே கவசம்.

கடைசிச் சோதனையை ஆபீசில் நடத்தாதீர்கள். சம்பளம் போடும் நேரத்தில் கம்பெனியில் போய் நில்லுங்கள். “ஏனுங்க, இந்த வாரம் குறையுது?” என்று டெய்லருக்கு உதவும் கைமடி ஒருவர் கேட்பார். உங்கள் திரையைக் காட்டியே பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த வேலை இன்னும் முடியவில்லை.