ஏற்பி ஆய்வுக்குப் போகும் பெருமுக்கல் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

செல் ஏற்பிகளையும் (ரிசெப்டர்) புற்றுநோயோடு தொடர்புள்ள சமிக்ஞைப் புரதங்களையும் ஆராயும் கூடத்தில் உனக்கு பிஎச்டி இடம் கிடைத்த செய்தியில் மனம் நிறைந்துபோனது. கூடவே நீ கேட்டிருந்த கேள்வி உறுத்தியது. பெருமுக்கலில் தமிழ் வழியில் படித்துத் திண்டிவனத்தில் பட்டம் வாங்கியவள் இந்தத் துறையில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய்.

சியாமளா கோபாலனின் கதையைச் சொல்கிறேன். 1938இல் சென்னையில் பிறந்தவர். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் படித்தது மனையியல். பத்தொன்பது வயதில் பெர்க்லிக்கு விண்ணப்பித்து, 1958இல் கடல் கடந்து போனார். 1964இல் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேடு கோதுமை மாவிலுள்ள ஒரு டிரிப்சின் தடுப்பானைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்துவது பற்றியது. அதில் புற்றுநோயும் இல்லை, ஏற்பியும் இல்லை. ஆனால் ஒரு புரதத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, இது இதுதான் என்று உறுதிசெய்யும் கைப்பழக்கம் அங்கே வந்துவிட்டது. பிற்காலத்தில் மான்ட்ரியலிலும் பெர்க்லியிலும் மார்பகத் திசுவின் புரோஜெஸ்ட்டிரான் ஏற்பியை ஆராய்ந்தபோது அந்தக் கைதான் உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். மகள் கமலா அமெரிக்கத் துணை அதிபரான பிறகே நம்மில் பலர் இவர் பெயரைக் கேட்டோம். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஏற்பி ஆய்வுக் கட்டுரைகளில் ஜி. சியாமளா என்ற பெயர் இருந்தது.

அவர் ஆய்வில் நீ கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் ஆராய்ந்தது சுண்டெலிகளை; திசு அதே மார்பகத் திசுதான். ஆனால் கன்னிப் பருவம், சினைப் பருவம், பாலூட்டும் பருவம் என மாறும்போது ஏற்பியின் அளவும் ஹார்மோனுக்கு அது இணங்கும் விதமும் மாறுகின்றன. ஆகவே ஏற்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தத் திசுவில், எந்தப் பருவத்தில், எந்த ஹார்மோன் பட்ட பிறகு என்றும் கேட்க வேண்டும்.

உன் வேலை பெரும்பாலும் வளர்ச்சிக் காரணி ஏற்பிகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. அவற்றின் வால் பகுதியில் உள்ள டைரோசின்களில் பாஸ்பேட் ஏறுகிறது. செய்தி ராஸ், ராஃப், மெக், எர்க் என்று கைமாறி உட்கருவை எட்டுகிறது. சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, பிறகு ஏற்பியே செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். கூடவே, பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். நீ பெட்டியில் ஐஸ் எடுத்துவர மறந்து, அந்த நொதிகளுக்கான தடுப்பான் சேர்க்காமல் செல்லை உடைத்தால், இருந்த சமிக்ஞை உன் கண்ணெதிரே அழிந்துபோகும். நீ சோதித்த மருந்துதான் சமிக்ஞையை அடக்கியது என்று நீயும் எழுதிவிடுவாய்.

நம்மூர் மலைக்குகைப் பாறையில் பழங்காலத்தவர் கீறிய குறிகளைச் சிறு வயதில் பார்த்திருப்பாய். போகிறவர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் தெரியும் பேண்டையும் அதே ஆசையோடு படித்துவிடத் தோன்றும். அந்த ஆன்டிபாடி உண்மையில் எதைப் பிடிக்கிறது? அந்தப் புரதத்தை நீக்கிய செல்லில் பேண்ட் மறைகிறதா? பாஸ்பேட் ஏறிய புரதம் கூடியதா, மொத்தப் புரதமே கூடியதா? இவற்றைப் பார்க்காமல் யாரிடமும் படத்தை நீட்டாதே.

எதிர்பாராத ஒன்று தெரிந்தாலும் தள்ளிவிடாதே. 1979இல் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர், பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களை மின்புலத்தில் பிரிக்கும்போது, ஏற்கெனவே பயன்படுத்திய பழைய பஃபரையே மறுபடியும் ஊற்றினார். அதன் பிஎச் 1.9இலிருந்து 1.7 அளவுக்கு இறங்கியிருந்தது. அதனால், வழக்கமாகப் பாஸ்போத்ரியோனினோடு ஒட்டியே ஓடும் ஒரு புள்ளி தனியே விலகி நின்றது. அதுதான் பாஸ்போடைரோசின். புற்றுநோய்ச் சமிக்ஞை ஆய்வின் போக்கையே திருப்பிவிட்டது அந்தப் புள்ளி. பழைய பஃபர் அதிர்ஷ்டம் என்று பலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் புள்ளியை அழுக்கென்று தள்ளாமல், அது என்ன என்று தேடிப் போனார் பார், அதைத்தான் நீ கற்க வேண்டும்.

செல்லையும் நம்பிவிடாதே. எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை மார்பகப் புற்றுநோய் என்று நம்பி உலகெங்கும் எத்தனையோ பேர் உழைத்தார்கள். 2000இல் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்டபோது அது மெலனோமாவைப் போலிருந்தது. பின்னர் அது தோல் புற்றுநோய்ச் செல்தான் என்று உறுதியானது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உன் துறையின் அளவைகளில் சில நேராக நோயாளியின் கட்டிலுக்குப் போகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால்தான் தமாக்சிஃபென் மாத்திரை. ஹெர்2 ஏற்பி மிகுந்திருந்தால் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப். வெட்டியெடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் வைக்க வேண்டும் என்பது இந்தச் சோதனைகளுக்கான நெறி. திசு வெளியே கிடந்து கெட்டால் இருக்கும் ஏற்பி இல்லையென்று வரலாம். நம் பக்கத்திலிருந்து ஜிப்மர் மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பேருந்து ஏறும் ஒரு பெண்ணுக்கு, விலை குறைந்த, பல ஆண்டுகள் பலன் தரும் மாத்திரை அதனால் கிடைக்காமல் போகும். ஆய்வுக்கூடத்தில் காட்டும் சோம்பலுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கைடு எதிர்பார்த்த முடிவு வராதபோது பயப்படுவாய். நம் வீடுகளில் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாமலே வளர்ந்தவர்கள் நாம். நீ எதிர்த்துப் பேச வேண்டாம். மூன்று தனித்தனிச் சோதனைகளின் படங்களையும் மேசையில் வைத்து, "ஐயா, இப்படித்தான் வருகிறது, என்ன செய்யலாம்?" என்று கேள். நல்ல ஆசிரியர் அதற்காக உன்னை மதிப்பார். கோபித்துக்கொண்டாலும் நோட்டில் இருப்பதை மாற்றாதே. ஒத்துவராத சோதனையை விட்டுவிட்டு ஒத்துவந்ததை மட்டும் வரைபடத்தில் சேர்க்கும் பழக்கம் பல இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. அதில் சேராதே.

சேர்ந்த முதல் வாரமே உனக்குக் கொடுக்கும் செல் எங்கிருந்து வந்தது, எத்தனையாவது பாசேஜ் (மறுவளர்ப்பு) என்று கேட்டு எழுதிக்கொள். செல்லின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்டிஆர் சோதனைக்கும் மைக்கோபிளாஸ்மா தொற்றுச் சோதனைக்கும் ஏற்பாடு செய்யச் சொல். அதற்குச் செலவாகும் என்று முணுமுணுப்பார்கள், விடாதே. முதல் பிளாட் எடுத்ததும் ஓரங்களை வெட்டாமல் முழுப் படத்தை எனக்கு அனுப்பு. பேண்டே வரவில்லை என்றாலும் அனுப்பு. இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா