மருத்துவ அறிக்கையில் எழுத்துகளைத் தேடுவோம்

வீடு திரும்பும் நாளில் நம் கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மருந்தின் அளவையும் வேளையையும் செவிலியர் விளக்கிவிடுகிறார். மறுமுறை வரவேண்டிய நாளும் தெரிந்துவிடுகிறது. ஆனால் தாளின் நடுப்பகுதியில் உள்ள நீண்ட சொற்கள் விளங்காமலே நின்றுவிடுகின்றன. கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தாலும் அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பாரே தவிர, பொருள் சொல்லத் தடுமாறுவார். அது அவர் குறையன்று. இச்சொற்களில் பல, கிரேக்க, லத்தீன் மொழித் துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. அவற்றை அறியப் பொது ஆங்கிலம் மட்டும் போதுவதில்லை.

ஒட்டிச் செய்யப்பட்டவை என்பதே நமக்கு வசதியாகவும் அமைகிறது. முழுச் சொல்லோடும் போராட வேண்டியதில்லை. வார இதழ்களில் வரும் சொல் தேடும் புதிரைப் போல, குறிப்பிட்ட சில எழுத்துகள் எந்தச் சொற்களில் சேர்ந்து நிற்கின்றன என்று தேடினால் போதும். அறிக்கையின் நகல் ஒன்றையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில், 'ஐ, டி, ஐ, எஸ்' என்ற நான்கு எழுத்துகளில் முடியும் சொல் உள்ளதா என்று பார்ப்போம். இருந்தால் அங்கே கூறப்படுவது அழற்சி. முன்னால் நிற்கும் பகுதி உறுப்பைக் குறிக்கும். கேஸ்ட்ரைட்டிஸ் என்பது இரைப்பை அழற்சி. ஹெப்படைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் என்பது மூட்டு அழற்சி. அழற்சி வேறு, தொற்று வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கிருமியால் அழற்சி வரலாம். மதுவாலும், சில மருந்துகளாலும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்பையே தாக்குவதாலும் வரலாம். முடக்குவாதம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. 'ஐட்டிஸ்' என்று கண்டவுடன் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைக்க வேண்டியதில்லை.

அடுத்தவை அறுவைச் சிகிச்சைச் சொற்கள். இவை 'டி, ஓ, எம், ஒய்' என்று முடியும். வெட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த முடிவு இது. ஆனால் இந்நான்கு எழுத்துகளைக் கண்டதோடு நின்றுவிடக் கூடாது. அவற்றுக்குச் சற்று முன்னால் நிற்கும் எழுத்துகளில்தான் செய்தி இருக்கிறது. இரைப்பையையே எடுத்துக்கொள்வோம். முன்னால் 'ஈ, சி' நின்றால் அது கேஸ்ட்ரெக்டமி: இரைப்பையை முழுமையாகவோ ஒரு பகுதியையோ அகற்றுதல். 'ஓ' மட்டும் நின்றால் கேஸ்ட்ராட்டமி: இரைப்பையை வெட்டித் திறத்தல். 'ஓ, எஸ்' நின்றால் கேஸ்ட்ராஸ்டமி: வயிற்றின் மேற்புறத்திலிருந்து இரைப்பைக்குத் துளைவழி அமைத்தல். இத்துளையின் வழியே செலுத்தப்படும் குழாயில் உணவு கொடுப்பார்கள். இம்மூன்றாவது முடிவின் மூலம் வாய் என்று பொருள்படும் 'ஸ்டோமா' என்னும் கிரேக்கச் சொல்.

உறுப்பு ஒன்றே, வேறுபடுபவை ஓரிரண்டு எழுத்துகள். ஆயினும் அகற்றுவதும், திறந்து மூடுவதும், துளைவழி அமைத்து விடுவதும் நோயாளியின் பின்னாள் வாழ்க்கையில் எவ்வளவு வேறானவை! ஹிஸ்டரெக்டமி என்றால் கருப்பை அகற்றப்படுகிறது. கொலாஸ்டமி என்றால் பெருங்குடலிலிருந்து வயிற்றின் மேற்புறத்துக்கு ஒரு வழி திறக்கப்படுகிறது. அது சில மாதங்களுக்கா, வாழ்நாள் முழுவதுக்குமா என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இடுமுன் இந்த எழுத்துகளைத் தேடிப் பார்ப்பதும், பொருளை மருத்துவரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டு உறுதி செய்வதும் குடும்பத்தாரின் உரிமை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். (உடற்கூறியலைக் குறிக்கும் அனாட்டமி என்ற சொல்லிலும் அதே நான்கு எழுத்துகள் உண்டு. அது அறுவைச் சிகிச்சையின் பெயரன்று. உடலை வெட்டி ஆராய்ந்து கற்றதனால் வந்த பெயர்.)

'ஈ, எம், ஐ, ஏ' என முடிந்தால் செய்தி இரத்தத்தைப் பற்றியது. 'யூ, ஆர், ஐ, ஏ' என முடிந்தால் சிறுநீரைப் பற்றியது. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஏ' என்ற ஒற்றை எழுத்து பல இடங்களில் 'இல்லை' என்று பொருள்படும். அஃபெப்ரைல் என்று எழுதியிருந்தால் காய்ச்சல் இல்லை என்பதே பொருள். முதல் எழுத்தை விட்டுவிட்டு அகராதியில் தேடினால் காய்ச்சல் உண்டு என்று வரும். வீட்டில் வீணான கலக்கம் எழும். ஆயினும் 'ஏ' வரும் இடமெல்லாம் இல்லை என்று கொள்ளலாகாது. அக்யூட் என்பது திடீரெனத் தோன்றியது என்னும் வேறு சொல்.

இனி, நாம் மிகுந்த கவனத்துடன் பார்க்க வேண்டிய இணைக்கு வருவோம்: ஹைப்போ, ஹைப்பர். இரண்டிலும் முதல் மூன்று எழுத்துகள் ஒன்றே. நான்காவது எழுத்து 'ஓ' என்றால் குறைவு. 'ஈ' என்றால் மிகுதி. ஆங்கில 'ஓ' சுழியத்தைப் போல இருப்பதால், சுழியம் என்றால் குறைவு என்று மனத்தில் பதித்துக்கொள்ளலாம். ஹைப்போகிளைசீமியா என்பது இரத்தச் சர்க்கரை குறைதல். பொதுவாக டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் அப்படிக் கூறுவர். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா என்பதோ சர்க்கரை மிகுதல். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடு.

தைராய்டு அறிக்கையில் இந்த இணை இன்னொரு குழப்பத்தையும் விளைவிக்கிறது. டி.எஸ்.ஹெச். அளவு கூடுதலாக இருக்கும். மருத்துவரோ ஹைப்போதைராய்டிசம், அதாவது குறைவு, என்று எழுதியிருப்பார். அது எழுத்துப் பிழை என்று எண்ணுவோர் உண்டு. பெரும்பாலும் அது பிழையன்று. டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரக்கும் பொருளன்று. தைராய்டைத் தூண்டுவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் பொருள். தைராய்டு குறைவாக வேலை செய்யும்போது தூண்டுதல் மிகும். ஆகவே எண் ஏறியிருப்பதும் நோயின் பெயரில் 'ஓ' இருப்பதும் பொருந்தியே வருகின்றன.

'ஓ, எம், ஏ' என்ற முடிவைக் கண்டு அஞ்சுவோருக்காக ஒன்று கூற வேண்டும். இம்முடிவு கட்டியைக் குறிப்பது உண்மையே. கார்சினோமா புற்றுநோய்தான். ஆனால் லிபோமா என்பது தீங்கற்ற கொழுப்புக் கட்டி. ஹெமட்டோமா என்பது இரத்தம் கசிந்து ஓரிடத்தில் தேங்கியது. கிளாக்கோமா என்பது கண்ணின் நரம்பைப் பாதிக்கும் நோய், அதில் கட்டியே இல்லை. கோமா என்ற சொல்லிலும் இவ்வெழுத்துகள் உண்டு. அதுவோ ஆழ்ந்த உறக்கத்தைக் குறித்த வேறொரு கிரேக்கச் சொல். எழுத்துகளைத் தேடுவது என்ன கேட்க வேண்டும் என்பதை நமக்குக் காட்டும். நோயைத் தீர்மானிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க இயலாது.

பயிற்சிக்கு ஒரு சொல்: ஹைப்பர்கேலீமியா. நான்காவது எழுத்து 'ஈ', ஆகவே மிகுதி. முடிவு 'ஈ, எம், ஐ, ஏ', ஆகவே இரத்தம். இடையில் நிற்பது பொட்டாசியத்தின் லத்தீன் பெயரான கேலியம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்துள்ளது என்பது விடை. சிறுநீரக நோயாளிகளின் அறிக்கையில் இதைக் காணலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. நோயாளியைக் காண வரும் உறவினர் அன்போடு இளநீர் வாங்கி வருவது நம் வழக்கமாதலால், அதை வெட்டுமுன் அறிக்கையில் நான்காவது எழுத்து எதுவென்று பார்த்து, செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.