கொழுப்பு பசியை அடக்குமா?

கேள்வி: எண்ணெய்ப் பலகாரம் உண்டால் வயிறு நெடுநேரம் கனமாக இருப்பது ஏன்? அப்படியானால் கொழுப்பு மிகுந்த உணவு பசியைக் குறைத்து எடையையும் குறைக்குமா?

பதில்: இரைப்பையிலிருந்து முன்சிறுகுடலுக்குள் வரும் கொழுப்பு, கணையத்தின் லைபேஸ் என்னும் நொதியால் கொழுப்பு அமிலங்களாக உடைந்ததும், குடற்சுவரிலுள்ள தனிவகைச் செல்கள் அவற்றை உணர்ந்து கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. 1928இல் ஐவி, ஓல்ட்பெர்க் ஆகியோர் அடையாளங்கண்ட இந்த ஹார்மோன், பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை வெளியேற்றுவதோடு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் வழியே நிறைவுணர்வையும் தெரிவிக்கிறது. பலகாரம் உண்டபின் தோன்றும் கனத்திற்கு முதன்மையான காரணம் இதுவே. கொழுப்பு செரித்த பிறகே இச்செய்தி எழுகிறது என்பது கருதத்தக்கது: லைபேஸைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மருந்தை உட்கொண்டோரிடம் ஹார்மோன் சுரப்பு குறைந்து, இரைப்பை விரைவாகக் காலியாவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கொழுப்பு அமிலத்தின் கரிமச் சங்கிலியில் 12 அணுக்களேனும் இருந்தால்தான் இந்தச் சுரப்பு வலுவாகத் தூண்டப்படுகிறது. செரிக்காது கடைச்சிறுகுடலை எட்டும் கொழுப்போ, பெப்டைடு ஒய்ஒய், ஜிஎல்பி-1 ஆகிய குடல் ஹார்மோன்களைத் தூண்டி உணவின் ஓட்டத்தையே மட்டுப்படுத்துகிறது.

எனினும் எடை குறையும் என்று எண்ணிவிடுதல் தவறு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகையில், மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரியே தருகின்றன. மேலும், கோலிசிஸ்டோகைனின் செலுத்தப்பட்ட எலிகள் ஒவ்வொரு வேளையும் குறைவாகத் தின்றபோதிலும், அடிக்கடி தின்று அக்குறையை ஈடுசெய்தன.