கேஸ் இல்லாத வீட்டில் குளிர்காலம்: மின்கட்டணத்தைக் குறைத்து வீட்டைச் சூடாக வைப்பது எப்படி?



சென்ற ஜனவரியில் ஒருநாள் இஷா தொழுகைக்குப் பிறகு நமது டிரஸ்ட்டுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் வயதான ஓர் உம்மா. "தம்பி, மீட்டர்ல காசு முடியப் போவுது. பேரப்பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. வீடு ஐஸா இருக்கு" என்றார். நாங்கள் இருவர் உடனே புறப்பட்டுப் போனோம். மூன்றாம் மாடி, கேஸ் இணைப்பே இல்லாத ஃபிளாட். ஹாலின் சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. அதன் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது, மேலே குழந்தைகளின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அறையின் நடுவே ஒரு சிறிய ஃபேன் ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஜன்னலில் நீர் வழிந்தது. மூலையில் கரும்புள்ளியாய்ப் பூஞ்சை.

"அந்தப் பெட்டி கரண்டை ரொம்ப இழுக்கும்னு மகன் அணைச்சு வச்சிட்டான்" என்றார் உம்மா.

பிள்ளையை அன்றிரவே மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் நலமாகத் திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் திரும்பி வரும் வழியில் எங்களை உறுத்திய விஷயம் வேறு. மூன்று குளிர்காலமாக அந்த வீட்டு மீட்டருக்கு டாப்அப் கொடுத்து வந்தவர்கள் நாங்கள்தாம். ஒருமுறைகூட அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. மக்கள் நம்பிக் கொடுத்த ஸகாத் பணம் இரு மடங்கு விலையுள்ள மின்சாரமாய் எரிந்து போயிருக்கிறது. அதன் பிறகு மின்சாரம் மட்டுமே உள்ள வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் முதலில் ஹீட்டரையும் மீட்டரையும் பார்க்கிறோம். பார்த்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் கேஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே கேஸ் வைத்திருக்கும் சொந்தக்காரர் சொல்லும் யோசனை நமக்குப் பொருந்தாது. நமக்கு உள்ள ஒரே சலுகை இரவு நேரக் கட்டணம். எகானமி 7 என்ற திட்டத்தில் இரவில் ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். பல வீடுகளில் அது நள்ளிரவு 12:30 முதல் காலை 7:30 வரை. பகுதிக்குப் பகுதி, மீட்டருக்கு மீட்டர் இது மாறும். அந்த வெள்ளைப் பெட்டி, அதாவது ஸ்டோரேஜ் ஹீட்டர், இந்த ஏழு மணி நேரத்துக்காகவே செய்யப்பட்டது. உள்ளே கனமான செங்கற்கள் இருக்கின்றன. இரவில் மலிவு மின்சாரத்தில் அவை சூடேறும், பகலில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

ஒரு கணக்குப் போடுவோம். பகல் யூனிட் 30 பென்ஸ், இரவு யூனிட் 15 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பில்லில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கிலோவாட் ஃபேன் ஹீட்டர் மாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை நிற்காமல் ஓடினால் 14 யூனிட், 4 பவுண்டு 20 பென்ஸ். அதே 14 யூனிட்டை ஸ்டோரேஜ் ஹீட்டர் இரவில் வாங்கிக்கொண்டால் 2 பவுண்டு 10 பென்ஸ். முப்பது நாளுக்கு 126 பவுண்டுக்கும் 63 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. இன்னொன்றும் உண்டு. எகானமி 7 வாடிக்கையாளருக்குப் பகல் விலை சாதாரணத் திட்டத்தைவிடப் பொதுவாகக் கூடுதல். எனவே ஸ்டோரேஜ் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பகலில் ஃபேன் ஹீட்டர் போடுகிறவர், இரண்டு திட்டங்களில் எது கெட்டதோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர்களின் மேல் மூடிக்குள் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றில் 'இன்புட்' என்று எழுதியிருக்கும். இரவில் எவ்வளவு சூட்டைச் சேமிக்க வேண்டும் என்பது அது. மற்றது 'அவுட்புட்', சிலவற்றில் 'பூஸ்ட்' அல்லது 'ரூம் டெம்பரேச்சர்'. சேமித்த சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே விட வேண்டும் என்பது இது. நாங்கள் பார்த்த வீடுகளில் பெரும்பாலான தவறு இந்த இரண்டாவது திருகில்தான். அதை முழுதாகத் திறந்தே வைத்திருப்பார்கள். எல்லோரும் தூங்கும்போதும் வேலைக்குப் போனபின்பும் சூடு வெளியேறிவிடும். மாலையில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது பெட்டி ஆறிக் கிடக்கும். "இது வேலை செய்யவில்லை" என்று ஃபேன் ஹீட்டர் வாங்கப் போவார்கள். படுக்கப் போகும்போது அவுட்புட்டைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மறுநாள் பிற்பகலில் தேவையான அளவு திறங்கள். இன்புட்டை மறுநாளின் குளிருக்கு ஏற்ப மாற்றுங்கள். பனி கொட்டும் என்றால் கூட்டுங்கள், இதமான நாள் என்றால் குறையுங்கள். வானிலைச் செய்தி கேட்பதற்கு இப்போது ஒரு பயன் வந்துவிட்டது.

பெட்டியின் மேல் துணி காயப்போடாதீர்கள். சூடு தாங்காமல் உள்ளே உள்ள பாதுகாப்பு சுவிட்ச் துண்டித்துக்கொள்ளும். தீப்பிடிக்கவும் கூடும்.

இவ்வளவும் செய்து வீடு சூடாகவில்லை என்றால் மீட்டரைப் பாருங்கள். இரண்டு அளவுகள் மாறி மாறித் தெரிய வேண்டும். படுக்கும் முன் இரண்டையும் குறித்து வையுங்கள், எழுந்ததும் மறுபடி குறியுங்கள். இரவு அளவு நன்றாக ஏறியிருந்தால் சரி. பகல் அளவு ஏறியிருந்தாலோ, ஒரே அளவுதான் இருக்கிறது என்றாலோ, ஸ்டோரேஜ் ஹீட்டர் முழு விலையில் ஓடுகிறது என்று அர்த்தம். கம்பெனியிடம் உடனே கேட்க வேண்டும். ரேடியோ டெலிஸ்விட்ச் என்ற பழைய வகை மீட்டர்கள் உள்ள வீட்டார் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். அந்த ரேடியோ சேவையை 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். மீட்டர் மாற்றப்படாத வீட்டில் ஹீட்டர் தவறான நேரத்தில் ஓடலாம், ஓடாமலே போகலாம்.

ஹீட்டர் விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் உள்ளங்கை அளவு ஹீட்டர் "வீட்டையே சூடாக்கும், கரண்டே ஆகாது" என்கிறது. ஃபேன் ஹீட்டர், ஆயில் நிரப்பிய ரேடியேட்டர், செராமிக் எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். 500 வாட் ஹீட்டர் கொஞ்சம் இழுக்கிறது, கொஞ்சம் சூடு தருகிறது, அவ்வளவுதான். ஹீட் பம்ப் மட்டும் விதிவிலக்கு. அது வெளியிலுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தருவதால் ஒரு யூனிட்டுக்குப் பல மடங்கு வெப்பம் கிடைக்கும். ஆனால் வாடகை வீட்டில் அதை வைப்பது நம் கையில் இல்லை. கையடக்க ஹீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்றால் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷனில் வேண்டாம்.

வீடு முழுவதையும் சூடாக்க வசதியில்லாதவர்கள் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து அதை ஒழுங்காகச் சூடாக்குவது நல்லது. முதியவரும் சிறுவரும் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு சிறு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டுங்கள். நமக்குக் குளிரவில்லை என்பதால் எழுபது வயது மாமியாருக்கும் குளிரவில்லை என்று ஆகாது. அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு மின்சாரப் போர்வை நல்ல துணை. சுமார் 100 வாட்தான். பத்து மணி நேரம் போர்த்தியிருந்தாலும் ஒரு யூனிட். கைக்குழந்தைக்கு மட்டும் மின்சாரப் போர்வையும் வேண்டாம், சுடுநீர்ப் பையும் வேண்டாம்.

மஃரிப் நேரமானதும் ஜன்னல் திரைகளை இழுத்துவிடுங்கள். டிசம்பரில் லண்டனில் அது மாலை 4 மணிக்கெல்லாம் வந்துவிடுகிறது. திரை ஹீட்டரை மூடக்கூடாது. கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். ஆனால் காற்றுப் போகச் சுவரில் விட்டிருக்கும் துவாரத்தை மட்டும் அடைக்காதீர்கள். சாம்பிராணி போட நெருப்புக்கரி மூட்டும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள். மூடிய ஃபிளாட்டுக்குள் கரி எரித்தால் மணமில்லாத நச்சுவாயு சேரும். குளிர் காய்வதற்காக வீட்டுக்குள் கரி மூட்டுவது உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் சூடாக்கும் செலவு பலர் கண்ணில் படுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் பெரும்பாலும் இரண்டு ஹீட்டர் கம்பிகள் இருக்கும். கீழே உள்ளது இரவு மின்சாரத்துக்கு, மேலே உள்ளது பகல் அவசரத்துக்கு. பகல் சுவிட்சை மறந்து போட்டே வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறோம். தொட்டிக்குத் தடித்த உறை இருக்கிறதா என்று பாருங்கள். மின்சார ஷவர் சுமார் 9 கிலோவாட் இழுக்கும். பத்து நிமிடக் குளியல் ஒன்றரை யூனிட், பகலில் 45 பென்ஸ். ஜுமுஆ குளியலைக் காலை 7:30-க்கு முன் முடித்தால் பாதி விலை. ஒளுவில் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று மதரஸாவில் சிறுவயதில் படித்தோம். இங்கே அது பில்லிலும் எழுதி வருகிறது.

வரும் சில ஆண்டுகள் ரமளான் குளிர்காலத்தில் வருகிறது. ஸஹர் சமையல் மலிவு நேரத்திலேயே விழுவது நமக்கு ஒரு வசதி. நோன்புக் கஞ்சியைப் பிற்பகலில் மணிக்கணக்காக மின்அடுப்பில் கிண்டுவதற்குப் பதில், ஸஹர் நேரத்திலேயே பிரஷர் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, இஃப்தாருக்கு முன் நன்றாகக் கொதிக்கவிடலாம். பெரியவர்கள் சுவை குறைகிறது என்பார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

இனி பூஞ்சை. துணி காய்வது, மூடாத சட்டி, குளியல், மூச்சு எல்லாம் காற்றில் ஈரமாகச் சேர்ந்து குளிர்ந்த சுவரில் படியும். மூடி போட்டுச் சமையுங்கள், காலையில் ஜன்னல் நீரைத் துடையுங்கள், பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து மூடுங்கள். ஆனால் இதோடு நின்றுவிடக் கூடாது. ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயது முஸ்லிம் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நீண்டகாலம் பூஞ்சைக் காற்றைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கை முறைதான் காரணம் என்று கருதியே வீட்டு நிர்வாகம் காலத்தைக் கடத்தியது. அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம் இங்கிலாந்தின் கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கு 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். தனியார் வாடகை வீடானால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் முறையிடலாம். வீட்டோடு வந்த ஹீட்டர் பழுதானால் பொதுவாக வீட்டுக்காரர்தான் சரிசெய்து தர வேண்டும். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், தேதி போட்டு, படம் எடுத்து, எழுத்தில் அனுப்புங்கள்.

உதவிகளில் முக்கியமானவற்றைச் சொல்லிவிடுகிறோம். வருமான அடிப்படையிலான அரசு உதவித்தொகை பெறுவோருக்குக் கட்டணத்தில் 150 பவுண்டு கழியும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் 2025 குளிர்காலத்திலிருந்து விரிவாக்கப்பட்டது. பில் உதவித்தொகை பெறுபவர் பெயரிலோ அவருடைய துணைவர் பெயரிலோ இருக்க வேண்டும். நம்மவர்கள் வீட்டில் மச்சான் பெயரிலோ முன்பு குடியிருந்தவர் பெயரிலோ பில் இருப்பது சகஜம். அதனாலேயே பலருக்கு இது கிடைக்காமல் போகிறது. கம்பெனியின் ப்ரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டரில் முதியவர், நோயாளி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடு, ஆங்கிலம் சரியாக வராதவர் எல்லோரும் பெயர் கொடுக்கலாம், இலவசம். ப்ரீபெய்ட் மீட்டரில் பழைய கடனுக்காகப் பிடிப்பது தாங்க முடியாத அளவில் இருந்தால் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மீட்டரில் பணம் விட்டுச் செல்லுங்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் தினசரி நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் எதற்கும் விண்ணப்பிக்கும் முன் எங்களிடம் கேளுங்கள். டிரஸ்ட்டின் உதவிக்கு அந்த நிபந்தனை தடையில்லை.

அந்த உம்மாவின் வீட்டில் இப்போது பெட்டி ஓடுகிறது. பிப்ரவரியில் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்த டாப்அப் ஜனவரியில் கொடுத்ததில் பாதிக்கும் சற்றுக் கூடுதல். மூலைப் பூஞ்சைக்கு வீட்டுக்காரர் இன்னும் ஆள் அனுப்பவில்லை. மூன்றாவது கடிதம் எழுதியிருக்கிறோம்.

இந்தக் குளிர்காலம் முழுவதும் ஜுமுஆ தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். வரும்போது கடைசி பில், மீட்டரின் போட்டோ, ஹீட்டர் மேல் மூடியைத் திறந்து எடுத்த போட்டோ மூன்றையும் கொண்டு வாருங்கள். வர முடியாத பெரியவர்களும், ஆண்கள் வீட்டில் இல்லாத சகோதரிகளும் சொல்லி அனுப்பினால் நமது மகளிர் குழுவினர் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.