மூன்று நடுவர்கள், ஒரே சண்டை: புள்ளிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

2018 ஜூலை 15 அன்று கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில், பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் அர்ஜென்டினாவின் லூக்காஸ் மத்தீசேயை 7-ஆம் சுற்றில் வீழ்த்தினார். மேடையோரம் உட்கார்ந்து புள்ளி போட்டுக்கொண்டிருந்த மூன்று நடுவர்களின் தாள்களுக்கு அன்று வேலை இல்லாமல் போயிற்று.

அதற்கு ஓராண்டுக்கு முன் கதை வேறு. 2017 ஜூலை 2, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். 12 சுற்றுகளும் முடிந்து தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது, மூன்று நடுவர்களும் உள்ளூர் வீரர் ஜெஃப் ஹார்ன் வென்றதாக எழுதியிருந்தார்கள். 117-111, 115-113, 115-113. ஆனால் குத்துகளை எண்ணும் கம்பியூபாக்ஸ் கணக்கின்படி, பாக்கியாவின் குத்துகள் 182 முறை எதிரியின் மேல் விழுந்திருந்தன. ஹார்னின் குத்துகள் 92 மட்டுமே. 2012 ஜூன் 9 அன்று லாஸ் வேகாசிலும் இதே கூத்துதான். பாக்கியாவ் 253, டிமோதி பிராட்லி 159. இருவர் பிராட்லிக்கும் ஒருவர் பாக்கியாவுக்கும் 115-113 என்று எழுத, பிராட்லி வென்றார்.

"காசு வாங்கிவிட்டார்கள்!" என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். மாணவர்களே, அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நடுவரை ஓர் அளவுக் கருவியாக நினைத்துப் பார்ப்போம்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் குத்துகளைக் கூட்டி வெற்றியை முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. கீழே விழுந்தால் 8. தெளிவான குத்து, பயனுள்ள தாக்குதல், தற்காப்பு, மேடையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது ஆகியவற்றைப் பார்த்து நடுவர் முடிவு செய்கிறார். மயிரிழையில் வென்றாலும் 10-9; எதிரியைத் திணறடித்து வென்றாலும், அவர் விழாதவரை, பெரும்பாலும் அதே 10-9 தான். தேர்வில் 81 எடுத்தவரும் 89 எடுத்தவரும் ஒரே தரத்தில் விழுவதைப் போல.

ஒரு கணக்குப் போடுவோம். வீரர் 'அ' 5 சுற்றுகளில் சுற்றுக்கு 30 குத்துகள் போடுகிறார். 'ஆ' 10 தான். மீதி 7 சுற்றுகளில் 'அ' 15, 'ஆ' 16. கூட்டினால் 'அ' 255, 'ஆ' 162. புள்ளித் தாளிலோ 'ஆ'வுக்கு 115, 'அ'வுக்கு 113! யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எண்களை முழுமைப்படுத்தியதில் 93 குத்து வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அந்த ஏழில் ஒரே ஒரு சுற்றை நடுவர் மாற்றிப் போட்டிருந்தால் 114-114, சமம்.

இனி, கருவியின் பிழைகள். அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மூன்று நடுவர்களும் மேடையின் வெவ்வேறு பக்கங்களில், கயிறுகளுக்குக் கீழிருந்து பார்க்கிறார்கள். ஒரு வீரரின் முதுகு தம் பக்கம் திரும்பியிருந்தால், அந்தக் குத்து முகத்தில் பட்டதா, கையுறையில் பட்டதா என்பது அவருக்குத் தெரியாது. எதிர்ப்பக்க நடுவருக்குத் தெரியும். இது ஒரு நேரம் ஒருவருக்குச் சாதகம், இன்னொரு நேரம் மற்றவருக்கு. அதனால் இது தற்செயல் பிழை. மூவரை உட்கார வைப்பதே இதைக் குறைக்கத்தான்.

மூவரை வைத்தாலும் குறையாத பிழை ஒன்று உண்டு. சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால், பால் நிறுத்ததைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எடையைப் பொறுத்துத்தான் கூலி. தராசு முள் ஆடிக்கொண்டிருந்தால் மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுக்கலாம். ஆனால் தராசே அரைக் கிலோ குறைத்துக் காட்டினால்? முப்பது முறை நிறுத்தாலும் அரைக் கிலோ போனது போனதுதான். இது ஒருபக்கப் பிழை.

குத்துச்சண்டையில் அந்தத் தராசைச் சாய்ப்பதில் கூட்டத்தின் சத்தத்துக்கும் பங்கு இருக்கலாம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். சிலருக்கு ரசிகர்களின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த தவறுகள் சுமார் 15 விழுக்காடு குறைவு. பிரிஸ்பேனில் அன்று 50,000 பேருக்கு மேல். அத்தனை தொண்டையும் ஹார்னுக்காகக் கத்தினால், மூன்று நடுவர்களின் காதிலும் ஒரே சத்தம்தான் விழும்.

சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வோம்? வேறு ஆள்களை வைத்து மறுபடி அளப்போம். உலகக் குத்துச்சண்டை அமைப்பும் அதைத்தான் செய்தது. பிராட்லி சண்டையின் ஒளிப்பதிவை ஐந்து நடுவர்களுக்குக் காட்டியபோது, ஐவருமே பாக்கியாவ் வென்றதாகச் சொன்னார்கள். ஆனால் ஹார்ன் சண்டையை மறுபடி ஐவர் பார்த்தபோது, ஹார்ன் வென்றது சரி என்றே முடிவு வந்தது. குத்து எண்ணிக்கையில் இரண்டு சண்டையும் ஒன்று போலத் தெரிந்தாலும், மறு அளவீட்டில் வேறாகிவிட்டன. என்னைக் கேட்டால், 2012 முடிவைத்தான் தவறு என்பேன். 2017 முடிவை மயிரிழைச் சண்டை என்று விட்டுவிடுவேன். கம்பியூபாக்ஸ் எண்ணும் வேதவாக்கல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு வீரரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு மனிதர்கள் விசையைத் தட்டித்தான் அதை எண்ணுகிறார்கள்.

அப்படியானால் எண்ணும் வேலையையே இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். 1988 சோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில், அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளும் தென்கொரியாவின் பார்க் சி ஹுன் 32 குத்துகளும் போட்டும், 3-2 என்று பார்க்குக்குத் தங்கம் போயிற்று. பெரும் அவமானம். 1992 பார்சலோனாவில் பொத்தான் முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும். மடமடவென்று நான்கு குத்து விழுந்தால் விரல் எட்டவில்லை. வயிற்றில் விழுந்த குத்துகளும் பலமுறை விடுபட்டன. 2013-இல் அந்த முறையை விட்டுவிட்டு, 10 புள்ளி முறைக்கு மாறினார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி: 12 சுற்றும் போன ஒரு சண்டையின் ஒளிப்பதிவை எடுங்கள். முடிவைப் பார்க்காதீர்கள். ஆறு நண்பர்கள் சேர்ந்து, மூவர் சத்தத்தோடும் மூவர் சத்தமில்லாமலும் தனித்தனி அறையில் பாருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யாரிடமும் பேசாமல் 10-9 எழுதுங்கள். கடைசியில் ஆறு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சுற்றுகளில் பிரிந்தீர்கள் என்று வட்டம் போடுங்கள்.