டிசைனரிடம் போகும் முன் பொடி டப்பாவைக் கையில் எடுங்கள்

வீட்டில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து விற்கத் தொடங்கி, தெருவைத் தாண்டி ஆர்டர் வர ஆரம்பித்ததும் அடுத்துத் தேவைப்படுவது ஒரு லோகோ, ஒரு லேபிள். நானும் என் நாத்தனாரும் முதல் முறை டிசைனரை அமர்த்தியபோது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றே தெரியாமல் பணத்தை இழந்தோம். இரண்டாம் முறை எல்லாவற்றையும் எழுதி வாங்கினோம். அந்த இரண்டிலும் கற்றவை இவை. சோப்பு, சாம்பிராணி, தையல் என்று வேறு தொழில் செய்பவர்களுக்கும் பெரும்பாலானவை பயன்படும்.

1. “நல்லா ஒண்ணு போட்டுக் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். யார் வாங்குகிறார்கள், எங்கே விற்கிறீர்கள், எத்தனை கிராம் பாக்கெட், மாதம் எத்தனை லேபிள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் அதே டப்பாவையோ பவுச்சையோ கையோடு கொண்டுபோங்கள். எங்கள் முதல் லேபிள் கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. டப்பாவில் ஒட்டியபோது விலை எழுதிய பகுதி மூடிக்குள் போய் மறைந்துவிட்டது.

2. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு போன்றவற்றுக்குப் பக்கத்துத் தெரு டிடிபி கடை போதும். ஆண்டுக்கணக்கில் உங்கள் பெயரோடு ஒட்டியிருக்கப்போகும் லோகோவுக்கும் லேபிளுக்கும் டிசைனர்தான் வேண்டும். செலவு பயமுறுத்தினால் கவின்கலைக் கல்லூரிகளில் விசாரியுங்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கப்பட்டது. அங்கே ஓவியம், சிற்பத்தோடு காட்சிவழித் தகவல் வடிவமைப்பும் சொல்லித்தருகிறார்கள். படிப்பை முடித்துவிட்டுப் புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் அக்கறையோடு செய்கிறார்கள்.

3. முன்பு செய்த வேலைகளை போனில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அச்சாகிக் கடைக்கு வந்த ஒரு பாக்கெட்டையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

4. கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மாதிரி தருவார், எத்தனை முறை திருத்தம் செய்வார், படம் எடுக்கும் செலவு அதில் சேர்த்தியா, எத்தனை நாளில் முடியும், கடைசியில் என்னென்ன ஃபைல் தருவார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே தராதீர்கள். பாதி அட்வான்ஸ், ஃபைல் கைக்கு வந்ததும் மீதி என்பது இருவருக்கும் நியாயம். அதேபோல் ‘சும்மா மூணு மாதிரி போட்டுக் காட்டுங்க, பிடிச்சா பணம் தர்றேன்’ என்று கேட்பதும் தவறு. நம்மிடம் யாராவது ஒரு கிலோ பொடியை அப்படிக் கேட்டால் கொடுப்போமா? மாதிரிக்கென்று சிறிய தொகை ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள்.

5. இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வேலை முடிந்ததும் ஓபன் ஃபைலை, அதாவது பின்னால் திருத்தக்கூடிய மூல ஃபைலை, கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதல் முறை வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு ஜேபெக் படம்தான் வந்தது. அதுதான் லோகோ என்று நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டு ஆண்டு கழித்துப் பொருட்காட்சிக்குப் பத்தடி பேனர் அடிக்கக் கொடுத்தபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அந்த டிசைனரோ வேறு வேலைக்குப் போய்விட்டார், பழைய கணினியும் கெட்டுப்போயிருந்தது. லோகோவை முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று.

ஜேபெக் என்பது புள்ளிகளால் ஆன படம், பெரிதாக்கினால் உடையும். வெக்டர் ஃபைல் கோடுகளின் கணக்கால் ஆனது. தீப்பெட்டி அளவிலும் சரி, சுவர் அளவிலும் சரி, கூர்மை குறையாது. ஏஐ, சிடிஆர், எஸ்விஜி ஆகியவை வெக்டர் வகைகள். நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் சிடிஆர் ஃபைலை உருவாக்கும் கோரல்டிரா மென்பொருள்தான் புழங்குகிறது, அதுவும் பழைய பதிப்பாக இருக்கலாம். அதனால் சிடிஆர் ஃபைலைப் பழைய பதிப்பிலும் சேமித்துத் தரச் சொல்லுங்கள். எழுத்துகளைத் திருத்தக்கூடிய பிரதி ஒன்று, எழுத்துருவே இல்லாத கணினியிலும் மாறாமல் திறக்கும்படி கர்வ் ஆக்கிய பிரதி ஒன்று என இரண்டும் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.

6. பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் லோகோவின் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நம்மிடம் சம்பளத்துக்கு இல்லாமல் தனியாகத் தொழில் செய்யும் டிசைனர் வரைந்த லோகோவுக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் உரிமை நமக்கு மாறும். எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பொடி அனுப்பும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள். ‘இந்த வடிவமைப்பின் முழு உரிமையையும், உரிமைக்காலம் முழுவதற்கும், எல்லா நாடுகளுக்கும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்’ என்ற கருத்தில் எழுதி, தொகையும் தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்குங்கள். இதற்காகத் தயங்க வேண்டாம், நல்ல டிசைனர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

7. பெயரை முடிவு செய்யும் முன் வர்த்தகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேடக் கட்டணம் இல்லை. மசாலாப் பொடிகள் 30-ஆம் வகுப்பிலும், ஊறுகாய் 29-ஆம் வகுப்பிலும் வரும். தனிநபரும் சிறுதொழில் செய்பவரும் இணையம் வழியே விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. பதிவு கிடைக்கும் வரை பெயரருகே ‘டிஎம்’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் பதிவுக்கு முன் போடச் சட்டம் அனுமதிக்காது.

8. கான்வா போன்றவற்றில் கிடைக்கும் ஆயத்த லோகோக்களை ஆயிரம் பேர் பயன்படுத்துவார்கள், அவற்றை வர்த்தகக் குறியாகப் பதிய முடியாது. தீபாவளி வாழ்த்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், லோகோவுக்கு வேண்டாம்.

9. லேபிளில் சட்டப்படி என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை டிசைன் தொடங்கும் முன்பே கொடுங்கள். கடைசியில் கொடுத்தால் அவர் ஓர் ஓரத்தில் திணிப்பார். உணவுப் பொருளுக்கு இவை வேண்டும்: பொருளின் பெயர், சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், பேட்ச் எண், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, தயாரிப்பவர் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசியும் மின்னஞ்சலும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னத்தோடு 14 இலக்க உரிம எண். வேர்க்கடலை, எள் போல ஒவ்வாமை தரக்கூடியவை இருந்தால் அதையும் தனியே சொல்லுங்கள். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். நெத்திலித் தொக்குக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், வட்டம் அல்ல. இன்னொன்று, உணவு லேபிளில் இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தமிழில் மட்டும் அச்சிட முடியாது. தமிழுக்கும் இடம் ஒதுக்கும்படி டிசைனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

10. தமிழ் எழுத்து தெரிந்த டிசைனரா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டினால் குப்பையாக வரும். தமிழை ஆதரிக்காத மென்பொருளில் ‘பொடி’யின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கூகுள் எழுத்துருக்களில் கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம் போன்றவை தொழிலுக்கும் இலவசம். ‘பருப்பு பொடி’ அல்ல, ‘பருப்புப் பொடி’. இந்த ஒற்றையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடாதீர்கள், நான் பார்ப்பேன், என்னைப் போல நிறையப் பேர் பார்ப்பார்கள்.

11. திரையில் தெரியும் நிறம் அச்சில் அப்படியே வராது. திரை மூன்று ஒளி நிறங்களால் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் வருகிறது. பளீரென்ற பச்சையும் நீலமும் மங்கும். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு லேபிளை அதே தாளில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள். பார்கோடு வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். கடை ஸ்கேனர் பலவற்றில் வருவது சிவப்பு ஒளி என்பதால் சிவப்புக் கோடுகள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

12. திருத்தங்களை வீட்டில் எல்லோரும் பேசி, ஒரே பட்டியலாக்கி, ஒருவர் மட்டும் சொல்லுங்கள். அத்தை ஒன்று, கொழுந்தன் ஒன்று என்று ராத்திரி வாய்ஸ் மெசேஜ் போனால் எந்த டிசைனரும் திணறிப்போவார். கடைசி ப்ரூஃபைத் தாளில் எடுத்து, அதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். போன் எண்ணை அழைத்தே பாருங்கள். எங்கள் லேபிளில் ஓர் இலக்கம் மாறியிருந்ததை நாத்தனார் மகள்தான் அப்படிக் கண்டுபிடித்தாள்.

ஏற்கெனவே லோகோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் ஓபன் ஃபைல் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வரைந்து கொடுத்தவருக்கு இன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.